பட்டியலில் எங்கள் பெயர்: நூற்றாண்டுத் திருப்பத்துப் பிரித்தானியாவும் லண்டன் தமிழரும்

பிரித்தானியாவின் அண்மைக்கால அரசியலைப் பற்றி எழுதுபவர்கள் 1997ஆம் ஆண்டு மே மாதம் 1ஆம் திகதியிலிருந்து தொடங்குவது வழக்கம். பதினெட்டு ஆண்டுகள் தொடர்ந்து ஆண்ட பழமைவாதக் கட்சி அன்று தோற்றது. ரொனி பிளேயர் தலைமையிலான தொழிற்கட்சி 659 ஆசனங்களில் 418ஐக் கைப்பற்றியது. அந்த வெற்றி பற்றியும், அதைத் தொடர்ந்த சீர்திருத்தங்கள் பற்றியும், பின்னர் வந்த ஈராக் யுத்தம் பற்றியும் ஆங்கிலத்தில் நூல்களுக்குக் குறைவில்லை. தமிழில் நான் வாசித்த கட்டுரைகளில் தமிழர்கள் இந்தக் கதையின் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவர்களாகவே வருகிறார்கள்.

என் எண்ணம் வேறு. அந்தக் காலத்தின் அடிப்படையான கேள்வி ஒன்றில் தமிழர்கள் நடுவில் நின்றார்கள். மனித உரிமைகளை நாட்டின் சட்டமாக எழுதிவைத்த அதே அரசு, யாரைச் சந்தேகத்தோடு பார்க்கலாம் என்ற பட்டியலையும் எழுதியது. அந்தப் பட்டியலில் தமிழர் என்ற சொல் வெளிப்படையாகவே இருந்தது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று ஊரில் சொல்வார்களே, அதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அந்த ஆண்டுகளில் நான் கிழக்கு லண்டனில் இருந்தேன். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவன் என்ற ஒரே தகுதியினால், அயலில் இருந்தவர்களுக்கு உள்துறை அமைச்சிலிருந்து வரும் கடிதங்களை வாசித்துச் சொல்லும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. பின்னர் ஒரு சொலிசிற்றர் அலுவலகத்தில் சிலகாலம் மொழிபெயர்ப்பும் செய்தேன். அதனால் இந்தச் சட்டங்களை நான் முதலில் அறிந்தது புத்தகங்களில் அல்ல, பழுப்புநிறக் கடித உறைகளில். கீழே வருவது அந்தச் சட்டங்களின் கதை.

முன்கதை: 1985 முதல் 1991 வரை

தொழிற்கட்சி ஆட்சியைப் புரிந்துகொள்ள, அதற்கு முன்னைய பத்தாண்டுக்குப் போகவேண்டும். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தமிழர்கள் லண்டனுக்கு வரத் தொடங்கினார்கள். அப்போது இலங்கையர் பிரித்தானியாவுக்குள் வர முன்கூட்டியே விசா எடுக்கத் தேவையில்லை. 1985 மே மாதத்தில் மார்கிறட் தட்சரின் அரசு அந்த வழியை அடைத்தது. பொதுநலவாய நாடொன்றின் குடிமக்களுக்கு விசா கட்டாயமாக்கப்பட்டது அதுவே முதல்தடவை.

1987 பெப்ரவரியில் 58 தமிழர்கள் ஹீத்ரோ விமான நிலையத்தில் தஞ்சம் கேட்டார்கள். கோரிக்கை நிராகரிக்கப்பட்டு, திருப்பி அனுப்புவதற்காக விமானத்தில் ஏற்ற முற்பட்டபோது, உடுப்புகளைக் கழற்றிவிட்டு உள்ளாடையோடு நின்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்தப் படம் மறுநாள் பத்திரிகைகளில் வந்தது. நீதிமன்றத் தடை உத்தரவு அவர்களின் பயணத்தை நிறுத்தியது. அதே ஆண்டில் அரசு புதிய சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. உரிய பத்திரங்கள் இல்லாத ஒவ்வொரு பயணிக்கும், அவரை ஏற்றிவந்த விமான நிறுவனம் 1000 பவுண் தண்டம் கட்டவேண்டும் என்றது அது. எல்லையைக் காக்கும் வேலையில் ஒரு பகுதி இவ்வாறு கொழும்பிலும் சென்னையிலும் விமானச்சீட்டுப் பரிசோதிப்பவரின் தலையில் ஏறியது. இன்றுவரை தொடரும் இந்த முறைக்கு வித்திட்டது ஹீத்ரோவில் அன்று நின்ற தமிழர்களின் விவகாரம் என்பது பலருக்கு ஞாபகமில்லை.

அதே 1987இல் ஹாரிச் துறைமுகத்தில் ஏர்ல் வில்லியம் என்ற பழைய பயணிகள் கப்பலைத் தடுப்புமுகாமாக மாற்றினார்கள். அதில் வைக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். ஒக்டோபரில் தென் இங்கிலாந்தைத் தாக்கிய பெரும்புயலில் அந்தக் கப்பல் கட்டறுத்துக்கொண்டு போய்த் தரைதட்டியது.

நீதிமன்றங்களிலும் இதே காலத்தில் தமிழர் வழக்குகள் நடந்தன. 1987 டிசம்பரில் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த சிவகுமாரன் வழக்கை, அகதிச் சட்டம் படிக்கும் மாணவர்கள் உலகெங்கும் இன்றும் படிக்கிறார்கள். ஒருவர் உண்மையாகவே பயப்படுகிறார் என்பது போதாது, அந்தப் பயத்துக்கு வெளியே காணக்கூடிய ஆதாரமும் இருக்கவேண்டும் என்று அந்தத் தீர்ப்பு கூறியது. வழக்கில் சம்பந்தப்பட்டவர்கள் 1988இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் சிலர் அங்கே துன்புறுத்தலுக்கு ஆளானார்கள். மேன்முறையீட்டை விசாரித்த அதிகாரி 1989இல் அவர்களுக்குச் சார்பாக முடிவெடுத்தபின் மீண்டும் லண்டன் வந்தார்கள். அதே ஆட்களின் முறைப்பாடு ஸ்ராஸ்பேர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் வரை போனது. 1991 ஒக்டோபரில் அந்த நீதிமன்றம் பிரித்தானியா உடன்படிக்கையை மீறவில்லை என்று தீர்ப்பளித்தது.

இந்த முறைப்பாட்டின் பாதையைக் கவனிக்கவேண்டும். பிரித்தானியா 1951இலேயே ஐரோப்பிய மனித உரிமைகள் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்ட நாடு. ஆனால் அதன் உரிமைகளை ஒரு லண்டன் நீதிபதியிடம் நேரடியாகக் கேட்கமுடியாது. உள்ளூர் வழிகள் எல்லாம் முடிந்தபின், ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, பிரான்சுக்குப் போய்க் கேட்கவேண்டும். இந்த நிலைமையை மாற்றுவதாக வாக்குறுதி கொடுத்துத்தான் தொழிற்கட்சி 1997இல் ஆட்சிக்கு வந்தது.

கொடுத்த கை

முதல் மூன்று ஆண்டுகளில் நடந்த மாற்றங்களை வரிசைப்படுத்தினால் மலைப்பு ஏற்படும். 1997 செப்ரெம்பரில் ஸ்கொட்லாந்திலும் வேல்சிலும் சர்வசன வாக்கெடுப்புகள் நடந்தன. 1999இல் இரண்டுக்கும் தனித்தனிச் சபைகள் வந்தன. 1998 ஏப்ரல் 10ஆம் திகதி, பெரிய வெள்ளியன்று, வட அயர்லாந்து ஒப்பந்தம் கைச்சாத்தானது. இலங்கையில் அதிகாரப் பகிர்வு பற்றிப் பேசி அலுத்துப்போன தமிழர்கள் இவற்றை எவ்வளவு ஆவலோடு பார்த்தார்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. தேநீர்க் கடையில் இரண்டு தமிழர் சந்தித்தால் மூன்றாவது வசனத்தில் பெல்பாஸ்ற் வந்துவிடும்.

1999இல் பிரபுக்கள் சபையிலிருந்து 92 பேர் தவிர்ந்த பரம்பரைப் பிரபுக்கள் வெளியேற்றப்பட்டார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 1ஆம் திகதி தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தது. மணித்தியாலத்துக்கு 3 பவுண் 60 பென்ஸ். பெற்றோல் நிலையங்களிலும் உணவகங்களின் சமையலறைகளிலும் அதற்குக் குறைவாக வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு, எந்த மேடைப்பேச்சைவிடவும் பெரிய விஷயம் அது.

1986இல் தட்சர் கலைத்துவிட்ட லண்டன் பெருநகர நிர்வாகத்துக்குப் பதிலாகப் புதிய அமைப்பு ஒன்று வேண்டுமா என்று 1998 மே மாதத்தில் நகர மக்களிடம் கேட்டார்கள். வேண்டும் என்றார்கள். 2000 மே 4ஆம் திகதி நடந்த முதலாவது நகரபிதா தேர்தலில், தொழிற்கட்சி வேட்பாளராக நிறுத்தப்படாத கென் லிவிங்ஸ்ரன் சுயேச்சையாக நின்று வென்றார். இங்கே ஒரு தகவல்: இலங்கையும் இந்தியாவும் பொதுநலவாய நாடுகள் ஆகையால், சட்டபூர்வமாக வதிபவர்கள் பிரித்தானியக் குடியுரிமை பெறாமலே எல்லாத் தேர்தல்களிலும் வாக்களிக்கலாம். ஈஸ்ற்ஹாமிலும் வெம்பிளியிலும் ரூட்டிங்கிலும் கவுன்சிலர்கள் கோயில் திருவிழாக்களுக்கு வரத் தொடங்கியதன் காரணம் பக்தி மட்டும் அல்ல.

எல்லாவற்றிலும் முக்கியமானது 1998ஆம் ஆண்டு மனித உரிமைகள் சட்டம். 2000 ஒக்டோபர் 2ஆம் திகதி முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அது செய்தது என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலாவது, அரச நிறுவனங்கள் எவையும் உடன்படிக்கை உரிமைகளுக்கு முரணாக நடக்கக்கூடாது என்றது. இரண்டாவது, நாட்டின் சட்டங்களை இயன்றவரை அந்த உரிமைகளுக்கு இசைவாகவே நீதிபதிகள் பொருள்கொள்ள வேண்டும் என்றது. மூன்றாவது, எவ்வகையிலும் இசையாத சட்டத்தை உயர் நீதிமன்றங்கள் முரணானது என்று அறிவிக்கலாம். ஆனால் அச்சட்டத்தை அவர்களால் இரத்துச்செய்ய முடியாது. அதை மாற்றுவதா விடுவதா என்பது பாராளுமன்றத்தின் பொறுப்பு. இந்தியாவிலோ அமெரிக்காவிலோ இருப்பதுபோல் நீதிமன்றம் சட்டத்தைத் தூக்கி எறியும் முறை இங்கில்லை. இந்த மூன்றாவது அம்சம் பின்னர் எப்படிப் பயன்பட்டது என்பதைக் கீழே பார்ப்போம்.

லோறன்ஸ் விசாரணையும் ஒரு விதிவிலக்கும்

1993 ஏப்ரல் 22ஆம் திகதி இரவு, தென்கிழக்கு லண்டனின் எல்தம் பகுதியில், பஸ்சுக்குக் காத்துநின்ற 18 வயதுக் கறுப்பின மாணவன் ஸ்ரீபன் லோறன்ஸ் வெள்ளை இளைஞர்களால் குத்திக் கொல்லப்பட்டான். பொலிஸ் விசாரணை படுதோல்வி அடைந்தது. ஸ்ரீபனின் பெற்றோர் ஓயாமல் போராடியதன் விளைவாக, புதிய உள்துறை அமைச்சர் ஜாக் ஸ்ரோ 1997இல் பகிரங்க விசாரணைக்கு உத்தரவிட்டார். ஓய்வுபெற்ற நீதிபதி சேர் வில்லியம் மக்பேர்சனின் அறிக்கை 1999 பெப்ரவரி 24ஆம் திகதி வெளிவந்தது. லண்டன் பெருநகரப் பொலிசில் நிறுவனமயப்பட்ட இனவாதம் இருக்கிறது என்று அது கூறியது. 70 பரிந்துரைகளை முன்வைத்தது. கொலையாளிகளில் இருவர் குற்றவாளிகளாகக் காணப்பட 2012 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அறிக்கையின் விளைவாக வந்தது 2000ஆம் ஆண்டு இன உறவுகள் திருத்தச் சட்டம். 1976ஆம் ஆண்டின் மூலச் சட்டம் வேலை, வீடு, கல்வி, சேவைகள் ஆகியவற்றில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்திருந்தது. ஆனால் பொலிசாரின் அன்றாட நடவடிக்கைகளும் குடிவரவு அதிகாரிகளின் நடவடிக்கைகளும் பெரும்பாலும் அதற்கு வெளியே இருந்தன. திருத்தச் சட்டம் அரசின் எல்லாப் பணிகளையும் உள்ளே கொண்டுவந்தது. உண்மையிலேயே பெரிய முன்னேற்றம்.

ஆனால் உள்ளே ஒரு கதவு திறந்து வைக்கப்பட்டிருந்தது. குடிவரவு விடயங்களில், அமைச்சர் அனுமதி கொடுத்தால், தேசியத்தின் அடிப்படையிலோ இனத் தோற்றத்தின் அடிப்படையிலோ பாகுபாடு காட்டலாம் என்றது ஒரு பிரிவு. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2001 ஏப்ரலில். அதே ஏப்ரலில் அமைச்சரின் அனுமதியும் வந்தது. குர்தியர், ரோமா மக்கள், அல்பேனியர், சோமாலியர், ஆப்கானியர், தமிழர் முதலிய இனங்களைப் பெயர் குறிப்பிட்டு, அவர்களை எல்லையில் மற்றவர்களைவிடக் கடுமையாக விசாரிக்கலாம் என்று அது அதிகாரிகளுக்கு இடமளித்தது.

ஆறுதலாக யோசித்துப் பாருங்கள். இலங்கையர் என்று அங்கே எழுதப்படவில்லை, தமிழர் என்று எழுதப்பட்டிருந்தது. இனத்தின் பெயரால் மறிக்கப்படுவதிலிருந்து தப்பித்தான் எங்கள் ஆட்கள் இலங்கையை விட்டு வந்தார்கள். இங்கே வந்து இறங்கும் இடத்திலும் அதே சொல் ஒரு அரச பத்திரத்தில் அவர்களுக்கு முன்பே வந்து காத்திருந்தது.

இதற்கு மௌனமாக இருக்கவில்லை என்பது பதிவு செய்யப்படவேண்டிய உண்மை. லண்டனில் 1980களிலிருந்து இயங்கிய தமிழர் தகவல் நடுவம், இத்தகைய அமைச்சர் அனுமதி ஒன்றை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. 2002இல் உயர்நீதிமன்றம் நடுவத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. அதே வகையான இன்னொரு விவகாரம் பிராக் விமான நிலையத்தில் நடந்தது. 2001இலிருந்து அங்கே நிறுத்தப்பட்ட பிரித்தானிய அதிகாரிகள் ரோமா மக்களைத் தனியாக வடிகட்டினார்கள். அது சட்டவிரோதமான இனப் பாகுபாடு என்று 2004 டிசம்பரில் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. எங்கள் ஆட்களும் ரோமா மக்களும் ஒரே பட்டியலில் நின்று, வெவ்வேறு வழக்குகளில் ஒரே சட்டத்தோடு மல்லுக்கட்டினார்கள். அந்தப் பக்கத்து ஆட்களைப் பற்றி எங்களுக்கு இன்றும் அதிகம் தெரியாது.

எடுத்த கை: வவுச்சர் காலம்

1990களின் முடிவில் தஞ்சக் கோரிக்கைகள் வேகமாக உயர்ந்தன. 2000இல் ஏறக்குறைய 80 ஆயிரம் விண்ணப்பங்கள் வந்தன. இலங்கை அப்போது முன்வரிசை நாடுகளில் ஒன்று. கிறொய்டனிலுள்ள லூனர் ஹவுஸ் அலுவலகத்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் முடிவின்றிக் கிடந்தன. அதற்கு முன்னைய பழமைவாத அரசு 1996இல், நாட்டுக்குள் வந்தபின் தஞ்சம் கேட்பவர்களுக்குச் சமூகநலக் கொடுப்பனவை நிறுத்தியிருந்தது. 1948ஆம் ஆண்டின் தேசிய உதவிச் சட்டத்தின் கீழ் உள்ளூராட்சிக் கவுன்சில்கள் அவர்களைப் பட்டினிபோடக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னதால், சுமை முழுவதும் லண்டன் கவுன்சில்களிலும் டோவர் போன்ற துறைமுகப் பகுதிகளிலும் விழுந்தது.

இதைச் சீர்செய்யவென வந்ததுதான் 1999ஆம் ஆண்டு குடிவரவு, தஞ்சச் சட்டம். அதில் இரண்டு அம்சங்கள் எங்கள் வாழ்க்கையைத் தொட்டன. ஒன்று, தஞ்சம் கேட்பவர்களை லண்டனுக்கு வெளியே கிளாஸ்கோ, நியூகாசில், லிவர்பூல் போன்ற இடங்களுக்கு அனுப்புவது. இரண்டாவது, காசுக்குப் பதிலாக வவுச்சர் கொடுப்பது. 2000 ஏப்ரலில் தொடங்கியபோது 25 வயதுக்கு மேற்பட்ட தனியாளுக்கு வாரத்துக்கு 36 பவுண் 54 பென்ஸ். அதில் 10 பவுணை மட்டுமே காசாக மாற்றலாம். மீதி வவுச்சர். குறிப்பிட்ட கடைகளில் மட்டுமே செல்லும். ஐந்து பவுண் வவுச்சருக்கு நான்கு பவுணுக்குச் சாமான் வாங்கினால் மிச்சக் காசு தரமாட்டார்கள், அது கடைக்கே.

இதன் உண்மையான பொருள் காசுப்பெட்டிக்கு முன்னால் நின்றால்தான் விளங்கும். என்னோடு வந்த ஒருவர், வவுச்சரின் பெறுமதிக்குச் சரியாக வரவேண்டும் என்று ஒரு பெரிய கடையில் அரைமணித்தியாலம் கூட்டிக் கழித்துக்கொண்டு நின்றார். யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். பத்துப் பென்ஸ் குறைந்தது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விடத் தொடங்கினார்கள். ஒரு கரட்டை எடுத்து வைத்தார். அவருக்கு வேண்டியது அரிசியும் மிளகாய்த்தூளும். அவை மலிவாகக் கிடைக்கும் தமிழ்க் கடையில் அந்த வவுச்சர் செல்லாது.

வவுச்சர் முறையை எதிர்த்து முன்நின்றவர்களில் முக்கியமானவர் போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத் தலைவர் பில் மொறிஸ். ஜமேக்காவில் பிறந்தவர். தொழிற்கட்சிக்குள்ளிருந்தே அவர் எழுப்பிய குரலுக்கு அரசு பதில் சொல்ல வேண்டியிருந்தது. 2001 ஒக்டோபரில் அடுத்த உள்துறை அமைச்சர் டேவிட் பிளங்கற் வவுச்சரைக் கைவிடுவதாக அறிவித்தார். 2002இல் அது முடிவுக்கு வந்தது. லண்டனுக்கு வெளியே அனுப்பும் முறை மட்டும் இன்றுவரை நீடிக்கிறது.

2002 ஜூலையில் நடந்த இன்னொரு மாற்றம் வவுச்சர் அளவுக்குப் பேசப்படவில்லை. விளைவில் அதைவிடப் பெரியது. அதுவரை, தஞ்சக் கோரிக்கைக்கு ஆறு மாதத்துக்குள் முடிவு கிடைக்காவிட்டால் வேலைசெய்ய அனுமதி கேட்கலாம். லண்டன் தமிழரின் முதல் தலைமுறை கால் ஊன்றியது அந்த ஆறுமாத விதியின் மேல்தான். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை, சீட்டுக்கட்டிச் சேர்த்த பணம், பிறகு சொந்தக் கடை என்ற வரிசை அப்படித்தான் தொடங்கியது. 2002இல் அந்த விதி அகற்றப்பட்டது. பின்னர் வந்த விதியின்படி ஒரு வருடம் காத்திருந்தபின், குறிப்பிட்ட சில தொழில்களுக்கு மட்டுமே அனுமதி கேட்கலாம். இன்று அகதிகள் வேலைசெய்யாமல் அரசு விடுதியில் இருக்கிறார்கள் என்று குறைசொல்லும் எங்கள் ஆட்களுக்கு இதை நான் அடிக்கடி நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

இந்த மாற்றங்களை அந்த நேரத்திலேயே கூர்மையாக இனங்கண்டவர் ஒரு தமிழர். அ. சிவானந்தன் 1958இல் இலங்கைக் கலவரத்தின் பின் லண்டன் வந்தவர். வந்திறங்கிய அதே ஆண்டில் நொற்றிங் ஹில் இனக்கலவரத்தைக் கண்டவர். நூலகராகச் சேர்ந்த இன உறவுகள் நிறுவனத்தின் இயக்குநராக 1973 முதல் நாற்பது ஆண்டுகள் பணியாற்றினார். வென் மெமறி டைஸ் என்ற நாவலை 1997இல் வெளியிட்டார். 2018 ஜனவரியில் காலமானார். புதிய இனவாதம் தோலின் நிறத்தை மட்டும் பார்ப்பதில்லை, ஏழையாக வந்து சேரும் எந்த அந்நியனையும், அவன் வெள்ளையனாக இருந்தாலும், அது துரத்தும் என்று அவர் 2001 வாக்கில் எழுதினார். அதற்கு செனோ ரேசிசம் என்று பெயரும் வைத்தார். இலக்கிய ஆர்வலர்கள் அவரை நாவலாசிரியராக அறிவார்கள். வவுச்சர் காலத்தைப் புரிந்துகொள்ள அவருடைய கட்டுரைகளையும் தேடி வாசிக்கவேண்டும்.

2001: மாறிய காற்று

2001ஆம் ஆண்டில் பல விஷயங்கள் ஒன்றாக வந்தன. கோடையில் ஓல்டம், பேர்ன்லி, பிராட்போர்ட் நகரங்களில் ஆசிய இளைஞர்கள், வெள்ளை இளைஞர்கள், பொலிசார் ஆகியோரிடையே கலவரங்கள் மூண்டன. ஜூன் 7ஆம் திகதிப் பொதுத்தேர்தலில் தொழிற்கட்சி மீண்டும் பெருவெற்றி பெற்றது. ஆனால் வாக்களித்தவர்கள் 59.4 வீதம் மட்டுமே. 1918க்குப் பின் அவ்வளவு குறைந்த வீதம் பதிவானதில்லை. அந்த ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் சமயம் பற்றிய கேள்வி இங்கிலாந்தில் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. மொழி பற்றிக் கேட்கவில்லை. இந்தியர், பாகிஸ்தானியர், பங்களாதேசியர் என்ற பெட்டிகளுக்கு அடுத்தது மற்றைய ஆசியர். எல்லையில் சந்தேகிப்பதற்குத் தமிழர் என்ற பெயர் இருந்தது, எண்ணிப் பார்ப்பதற்கு இல்லை. முதன்மை மொழி எது என்று கேட்கப்பட்ட 2011இல்தான் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறக்குறைய ஒரு இலட்சம் பேர் தமிழ் என்று எழுதினார்கள். அவர்களில் பெரும்பாலோர் லண்டனில்.

2000ஆம் ஆண்டின் பயங்கரவாதச் சட்டம் 2001 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் மார்ச் மாதத்தில் தடைசெய்யப்பட்ட 21 வெளிநாட்டு அமைப்புகளில் விடுதலைப் புலிகளும் அடக்கம். அந்த அமைப்பைப் பற்றித் தமிழர்களிடையே அன்றும் இன்றும் பல கருத்துகள் உண்டு. அதற்குள் நான் இங்கே போகவில்லை. நடைமுறையில், ஆதரித்தவர், எதிர்த்தவர், ஒதுங்கி இருந்தவர் எல்லோருக்கும் கூட்டம் கூடுவதும் நிதி சேர்ப்பதும் பதாகை பிடிப்பதும் சட்டத்தரணியிடம் கேட்டுச் செய்யவேண்டிய காரியங்களாயின. இவை யாவும் செப்ரெம்பர் 11க்கு முன்னரே நடந்தவை என்பதை மறக்கக்கூடாது.

செப்ரெம்பர் 11க்குப் பின் அரசு இன்னொரு அடி எடுத்துவைத்தது. 2001 டிசம்பரில் நிறைவேறிய சட்டம், பயங்கரவாதி என்று சந்தேகிக்கப்படும் வெளிநாட்டவரை வழக்கின்றிக் காலவரையறை இல்லாமல் அடைத்துவைக்க அனுமதித்தது. 2003 பெப்ரவரி 15ஆம் திகதி ஈராக் யுத்தத்துக்கு எதிராக லண்டன் வீதிகளில் இறங்கிய கூட்டம் எழரை இலட்சம் என்றது பொலிஸ். அதைவிட மிக அதிகம் என்றார்கள் ஏற்பாட்டாளர்கள். மார்ச் 18ஆம் திகதி பொதுச்சபை 412க்கு 149 என்ற வாக்குகளால் யுத்தத்துக்கு அனுமதி அளித்தது.

சட்டம் பேசியபோது

மனித உரிமைகள் சட்டம் வெறும் காகிதமா என்ற கேள்விக்கு விடை 2004 டிசம்பர் 16ஆம் திகதி கிடைத்தது. பெல்மார்ஷ் சிறையில் வழக்கின்றி அடைக்கப்பட்டிருந்த வெளிநாட்டவர்களின் வழக்கில், பிரபுக்கள் சபையின் ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் அந்தத் தடுப்புச் சட்டம் மனித உரிமைகளுக்கு முரணானது என்று அறிவித்தார்கள். முன்னர் சொன்ன மூன்றாவது அம்சம் வேலைசெய்தது இங்கேதான். நீதிமன்றம் சட்டத்தை இரத்துச்செய்யவில்லை, கைதிகளை விடுவிக்கவும் இல்லை. ஆனாலும் அந்த அறிவிப்பின் பின் அரசால் அச்சட்டத்தைத் தொடர முடியவில்லை. 2005 மார்ச்சில் வேறொரு முறை அதன் இடத்துக்கு வந்தது.

எங்கள் வாழ்க்கைக்கு இன்னும் நெருக்கமான தீர்ப்பு 2005 நவம்பர் 3ஆம் திகதி வந்தது. 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு பிரிவு, நாட்டுக்குள் வந்தவுடன் தஞ்சம் கேட்காமல் பிந்திக் கேட்பவருக்கு உணவும் உறைவிடமும் மறுக்கலாம் என்றது. 2003இலிருந்து அதன்படி பலர் வீதியில் விடப்பட்டார்கள். வேலைசெய்ய அனுமதியும் இல்லாமல், உதவியும் இல்லாமல் ஒருவரைத் தெருவில் படுக்கவிடுவது மனிதத்தன்மையற்ற நடத்தை, அது உடன்படிக்கையின் மூன்றாம் உறுப்புரையை மீறுகிறது என்று பிரபுக்கள் சபை ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. சித்திரவதையைத் தடைசெய்யும் அதே உறுப்புரை. 1991இல் ஸ்ராஸ்பேர்க்கில் தமிழர்கள் துணைக்கழைத்து வெற்றிபெறாத உறுப்புரையும் அதுதான்.

இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையிலான காலத்தில்தான் சொலிசிற்றர் அலுவலகத்தில் நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். உரிமை என்ற சொல்லைக் கட்சிக்காரர்களுக்குத் தமிழில் சொல்லும்போது, எங்கள் வழக்கத்தில் அதற்குக் காணி உரிமை, சொத்துரிமை என்ற ஞாபகம்தான் முதலில் வருகிறது என்பதைக் கண்டேன். ஒரு வயதான அம்மா, அவர்கள் இரக்கப்பட்டு விட்டார்களா தம்பி என்று என்னிடம் கேட்டார். இல்லை அம்மா, சட்டப்படி அவர்கள் அப்படித்தான் செய்யவேண்டும் என்றேன். அவருக்கு அது விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியபின் கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

வரவேற்பும் வாசலும்

2004 பெப்ரவரி 26ஆம் திகதி பிரித்தானியாவின் முதலாவது குடியுரிமை வழங்கும் வைபவம் நடந்தது. இடம் வடமேற்கு லண்டனின் பிரென்ற் நகர மண்டபம். தமிழ்க் கடைகள் நிறைந்த வெம்பிளி அடங்கிய மாநகரப் பகுதி அது. அன்று இளவரசராக இருந்த சார்ல்சும் உள்துறை அமைச்சர் பிளங்கற்றும் வந்திருக்க, 19 பேர் உறுதிமொழி எடுத்துக் குடிமக்களானார்கள். தபாலில் வந்துகொண்டிருந்த குடியுரிமைப் பத்திரம் இதன்பின் மேடையில் கைகுலுக்கி வழங்கப்படுவதாயிற்று. 2005 நவம்பரிலிருந்து பிரித்தானிய வாழ்வு பற்றிய பரீட்சையும் சேர்ந்துகொண்டது. உள்ளே வந்தவர்களுக்கு மரியாதை கூடியது உண்மை. வாசல் ஒடுங்கியதும் உண்மை. இரண்டையும் செய்தது ஒரே அமைச்சு.

இது பழங்கதை அல்ல என்பதற்கு இரண்டு உதாரணங்கள் போதும். 2021 ஒக்டோபரில், இலங்கைத் தமிழர்கள் சென்ற மீன்பிடிப் படகு ஒன்று இந்துசமுத்திரத்தில் பழுதடைந்து, பிரித்தானியாவின் ஆட்சியிலிருந்த டியேகோ கார்சியாத் தீவில் கரைசேர்க்கப்பட்டது. மூன்று ஆண்டுகள் அவர்கள் வேலியிட்ட முகாமில் கூடாரங்களில் வைக்கப்பட்டார்கள். 2024 டிசம்பரில் பெரும்பாலானோர் பிரித்தானியாவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களைத் தடுத்துவைத்தது சட்டவிரோதம் என்று அதே மாதத்தில் அந்தப் பிரதேசத்தின் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஹாரிச் துறைமுகத்துக் கப்பலுக்கும் அந்தக் கூடாரங்களுக்கும் இடையில் 34 ஆண்டுகள்.

அதே 2024இன் ஜூலையில், ஸ்ராட்போர்ட், போ தொகுதியிலிருந்து உமா குமரன் பொதுச்சபைக்குத் தெரிவானார். தமிழ் வழிவந்த பாராளுமன்ற உறுப்பினர் அவர். இதைப் பெருமையோடு சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் அந்த ஆசனம் வரைக்கும் போகும் பாதையில் 1987இன் உள்ளாடைப் படமும், 2000இன் வவுச்சரும், 2001இன் பட்டியலும் கிடக்கின்றன. இனப் பாகுபாட்டுக்கு அமைச்சர் அனுமதி தரும் விதிவிலக்கு, 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டத்திலும் குடிவரவு விடயங்களுக்காகப் பேணப்பட்டிருக்கிறது. அதில் இனி யாருடைய பெயர் எழுதப்பட்டாலும், அவர்களுக்காகப் பேசுவதற்கு எங்களைவிடக் காரணம் உள்ளவர்கள் குறைவு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்தக் காலத்து நிராகரிப்புக் கடிதங்கள், நேர்முக விசாரணைப் பிரதிகள், வவுச்சர் அடிக்கட்டைகள், கோயில்களிலும் சங்கங்களிலும் அச்சிட்ட துண்டுப்பிரசுரங்கள் பல வீடுகளில் சூட்கேசுகளுக்குள் இருக்கின்றன. பிள்ளைகள் வீடு மாறும்போது அவை குப்பைக்குப் போகின்றன. எறிந்துவிடாதீர்கள். பெயர்களை மறைத்துவிட்டு ஒரு பிரதி எடுத்து, நூலகம் போன்ற எண்ணிம ஆவணக் காப்பகங்களுக்குக் கொடுங்கள். அரசின் பத்திரங்கள் அரசிடம் பத்திரமாக இருக்கும். அந்தப் பத்திரங்கள் வீட்டுக்கு வந்தபோது நடந்தவற்றை வைத்திருப்பவர்கள் நாங்கள் மட்டும்தான்.